கேள்வி பதில்: வளரிளம் பருவத்தினரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து.

பண்ருட்டி, கிராம சுகாதார செவிலியர்: மேடம், 14 வயதுப் பெண்ணை அம்மா கூட்டிவருகிறார். அவர் பக்கத்தில் இருந்தால் பெண் வாயே திறப்பதில்லை.

முதல் ஐந்து நிமிடம் அம்மா சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பிறகு, "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுவோம்மா" என்று சொல்லுங்கள். 'எல்லார்கிட்டயும்' என்ற சொல்லை விட்டுவிட்டால், தன் பெண்மேல் சந்தேகம் என்று அம்மா கலங்கிவிடுவார்.

தனியானதும் முதலில் எல்லையைச் சொல்லுங்கள்: "நீ சொல்றது வெளிய போகாது. ஆனா யாராவது உங்கிட்ட தப்பா நடந்திருந்தாலோ, உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ நான் சொல்லியே ஆகணும்." எல்லாம் கேட்ட பிறகு இதைச் சொன்னால் அது துரோகமாகத்தான் படும். கேள்விகள் வீடு, படிப்பு, சாப்பாடு, பொழுதுபோக்கு, போதைப் பழக்கம் என்று போய், அதன்பின் உறவுகளுக்கும் மனச்சோர்வுக்கும் வரட்டும். அவள் சொன்னதை எல்லார் கண்ணிலும் படும் ஓபி நோட்டில் எழுதாதீர்கள்.

கடலூர் முதுநகர், ஆசிரியை: எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு 40 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா?

முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்புதான். 90 நாள் வராவிட்டால், உதிரப்போக்கு 7 நாளைத் தாண்டினால், ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்தால் அனுப்புங்கள். 13 வயதாகியும் மார்பு வளரவில்லை, 15 ஆகியும் வயதுக்கு வரவில்லை என்றாலும் அப்படியே. உதிரம் அதிகம் போனால் ஹீமோகுளோபின் பார்க்கவேண்டும். டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை.

பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அது சோகை வராமல் தடுக்கத்தான். வந்துவிட்ட சோகைக்கு மருத்துவர் சொல்லும் தினசரி அளவு தேவை. சாப்பிட்ட பிறகு கொடுங்கள், டீ காபியோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், அடுத்த வார மாத்திரை ஜன்னல் வழியாகப் போய்விடும்.

சிதம்பரம், உடற்கல்வி ஆசிரியர்: 'நரம்புத் தளர்ச்சி' சுவரொட்டிகளைப் பார்த்துப் பையன்கள் பயப்படுகிறார்கள்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் பலவீனம் தராது. மார்பு லேசாக வீங்குவதும் பருவத்தில் சகஜம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் வடிந்துவிடும். நீங்கள் கவனிக்கவேண்டியது வேறு. விதைப்பையில் திடீரென்று கடும் வலி, கூடவே வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடந்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. 'பந்து பட்டிருக்கும்' என்று வலி மாத்திரை கொடுத்து உட்கார வைக்காதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்: 16 வயதுக் கர்ப்பிணி. போலீஸுக்குச் சொல்லாதீர்கள் என்று குடும்பம் கெஞ்சுகிறது.

சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம், 2012, பிரிவு 19-இன்படி தகவல் தந்தே ஆகவேண்டும். விருப்பத்தோடு நடந்தது என்பது விலக்கல்ல. ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிடவேண்டியதில்லை. இதைச் சொன்னாலே பாதி பயம் தணியும். தெரியாமல் விரட்டினால் நாட்டு மருந்தைத் தேடிப் போவார்கள். கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 24 வரை இருவர். அதனால் அன்றே வாரக் கணக்கை உறுதி செய்யுங்கள்.

வில்லியனூர், சமூக மருத்துவ முதுநிலை மாணவர்: பள்ளிகளில் ஆய்வு செய்யப்போகிறேன். எங்கே சறுக்கும்?

பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்குமேல் 18 வரை எழுத்து இசைவும் வாங்கவேண்டும்.

வினாத்தாளில் 'ஆம் என்றால் அடுத்த பக்கம் போ' என்று வைத்தால், அதிகப் பக்கம் புரட்டுகிற பிள்ளையைப் பக்கத்து பெஞ்ச் கண்டுபிடித்துவிடும். எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் கேள்வி வையுங்கள், ஆசிரியரை வெளியே அனுப்புங்கள், தாளை மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

பூப்பெய்திய தேதியை மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையிலிருந்து எடுக்காதீர்கள். பணம் புரளும்வரை விழா மாதக்கணக்கில் தள்ளிப்போகும். "எத்தனாவது படிக்கும்போது? முழுப்பரீட்சைக்கு முன்னயா, பின்னயா? பொங்கல் தாண்டிடுச்சா?" என்று கேட்டு மாதத்தைப் பிடியுங்கள். பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதிகள் மே, ஜூனில் குவிந்திருந்தால், சேர்க்கைக்காக மாற்றியதாக இருக்கலாம். பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்ட பிறகு வயதைக் கணக்கிடுங்கள்.