ஜிம்முக்குப் போகாமல், அடுக்குமாடி வீட்டிலேயே எடை தூக்கி உடம்பில் பலம் ஏற்ற முடியுமா? எதை வாங்கித் தொடங்குவது?

முடியும். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில், சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே பாய் விரிக்கிற இடத்தில் நான் செய்து வந்திருக்கிறேன், இன்னும் செய்கிறேன்.

உங்கள் வயதை நீங்கள் போடவில்லை. ஆனால் ஜிம் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, வேலை முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடுகிறது, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் "பொறுமையா இரும்மா" என்று சொல்ல ஊரே வரும். "உடம்பில் பலம் ஏற்றிக்கொள்" என்று சொல்ல ஒருவரும் வர மாட்டார். உங்களுக்கும் அந்த நிலைமை வந்துவிட்டது, இல்லையென்றால் வரப்போகிறது என்றுதான் வைத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்சியாளர் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, வயது ஐம்பதை நெருங்குகிறது. இதைப் படித்துத் தேறியவர்கள் குறை சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எழுபது கிலோ மனிதரை ஒரு நாளைக்குப் பல தடவை தூக்கி உட்கார வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

2019 கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அப்பா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பால்மரம் வெட்டி, தோளில் காண்டாக் கம்பை வைத்து அதன் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க ஸ்டோருக்கு நடந்தவர். பட்டணம் வந்த பிறகும் 14 கிலோ காஸ் தோம்பைப் படியேறிக் கொண்டுவருவார். உருளையின் கனமும் சேர்ந்தால் அது அதைப்போல இரண்டு மடங்கு வரும். அப்படிப்பட்டவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும், அங்கிருந்து குளியலறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு.

அரசாங்க மருத்துவமனையில் பிசியோ பெண்மணி முறையைச் சொல்லிக்கொடுத்தார். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். அவருடைய இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும். பலமில்லாத முழங்காலுக்கு நம் முழங்காலை முட்டுக்கொடுக்க வேண்டும். இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு, நெருங்கி நின்று, முதுகு கூனாமல் இடுப்பை மடக்கி நிமிர வேண்டும். எல்லாம் புரிந்தது. ஆனால் முறை தெரிந்தால் மட்டும் ஆள் எழுந்துவிட மாட்டாரே. சாயங்காலம் ஆனால் என் இடுப்பு வலி தாங்காது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா மா, நீயும் விழுந்துட்டா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குவா?" என்பார். அவருடைய கண்ணில் பயம் தெரியும். அந்தப் பயம் என் பலத்தைப் பற்றியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து 2020 மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பிசியோ தேதிகள் தள்ளிப்போயின, உதவிக்கு வந்துகொண்டிருந்த அக்காவும் வர முடியாமல் போனது. ஜிம்கள் எல்லாம் மூடியிருந்தன. மகனுடைய பழைய பள்ளிப் பையில் 5 கிலோ அரிசிப் பாக்கெட்டைப் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினேன். அது சுலபமானதும் 10 கிலோ அரிசிப் பை. அப்புறம் செத்தாப்பாக்கில் படிப்பு முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாணவரிடம் 20 கிலோ டம்பெல் செட் ஒன்றை மலிவாக வாங்கினேன். இன்றைக்கும் அதுதான், கூடுதலாகச் சில தட்டுகள் மட்டும் சேர்ந்திருக்கின்றன.

நான் செய்வது ஆறு அசைவுதான். டம்பெலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குந்தி எழுவது. இரண்டு கையிலும் எடையைப் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தைப் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர்வது. நாற்காலியில் ஒரு கையை ஊன்றி மறுகையால் எடையை விலாப்பக்கம் இழுப்பது. தரையில் மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது. நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது. கடைசியாக, இரண்டு கையிலும் எடையோடு கூடத்திலிருந்து சமையலறைவரை நடந்து திரும்புவது. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. தினமும் மணிக்கணக்கில் செய்ய வேண்டியதில்லை.

இதில் இரண்டாவது அசைவை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கேதான். சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி நில்லுங்கள். எடை வேண்டாம். முழங்கால் முன்னால் போகாமல், பின்புறத்தால் சுவரைத் தொட முயலுங்கள். தொடும்போது தொடையின் பின்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு வந்தால் சரி. முதுகில் மட்டும் இழுத்தால் கூனியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இது கைவந்த பிறகு எடையைப் பிடியுங்கள், தொடையை ஒட்டியே கீழே இறக்குங்கள், உடம்பைவிட்டு விலக விடாதீர்கள். அப்பாவைத் தூக்குவதும் இதே அசைவுதான். பிசியோ பெண்மணி சொன்னது என் உடம்புக்கு ஏறியது இதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான்.

பலம் கூடுவதற்கு வழி ஒன்றுதான், சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ஒரு எடையில் சுற்றுக்கு 8 தடவை, மூன்று சுற்று என்று தூக்கத் தொடங்கி, மூன்று சுற்றும் 12 தடவை ஒழுங்காக வந்தால் அடுத்த முறை எடையைக் கூட்டிவிட்டு மறுபடி 8-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்க முடியும் என்கிற நிலையில் நிறுத்தலாம், துவண்டு விழத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரே எடையை வருடக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருப்பவருக்கு வியர்க்கும், பலம் கூடாது. முதல் சில வாரங்களில் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாது, ஆனால் எடை லேசாகிக்கொண்டே வரும். ஏற்கெனவே இருக்கிற தசையை முழுதாக வேலைவாங்க நரம்புகள் பழகுவதால் வருவது அது. தசை பருப்பது பிறகுதான். "ஒரு மாதமாச்சு, ஒன்றும் காணோம்" என்று பாதியில் விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், மேலே போகும்போது வெளியே விடுங்கள்.

மெஷின் இல்லாமல், பெரிய பார்பெல் இல்லாமல் என்ன பலம் வரும் என்று இங்கேயே யாராவது கேட்பார்கள். போட்டிக்குப் போகிறவருக்கு அது நியாயமான கேள்வி. நம் நாட்டின் போனி புன்யாவ் குஸ்தின் தோக்கியோ பாராலிம்பிக்கில் 228 கிலோ தூக்கித் தங்கம் வென்றாரே, அதற்கு என் வீட்டுக் கூடம் போதாது. (அப்பா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே நல்ல கையால் தண்ணீர் பாட்டிலைத் தூக்க ஆரம்பித்தார். பாராலிம்பிக் என்றால் எனக்கு அந்த முகம்தான்.) வீட்டு எடை கால்களுக்குத்தான் முதலில் போதாமல் போகும், அது உண்மை. அப்போது ஒரு காலைப் பின்னால் நாற்காலியில் வைத்து, மறுகாலால் மட்டும் குந்தி எழுங்கள். மூன்று நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். பாதி எடையே கனக்கும்.

பெண்கள் எடை தூக்கினால் கை ஆண்கள் கைபோல ஆகிவிடும் என்று ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் வைத்தே அத்தை சொன்னார். தசையை வளர்க்கிற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்ணுடம்பில் ஆண்களுக்கு இருப்பதில் சிறு பங்குதான். அவ்வளவு தசை தானாக வந்துவிடாது. வயது ஏற ஏறத் தசை கரைவதுதான் நிஜமான கவலை, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து தேய்கிறது. அதோடு, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023 தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்த ஆய்வுகளில் இந்தியர்கள்தான் மேலே நிற்கிறோம். அத்தைக்கும் சர்க்கரை இருக்கிறது. அவர் கைகளிலும் ஒரு ஜோடி டம்பெல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தீரவில்லை. எங்கள் பிளாக்கில் லிப்ட் கெட்டுப்போனால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். கேட்டால், பாதிப் பேர் பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை, சாமான் வாங்கக் காசில்லை என்பார்கள். நான் ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. அப்பாவுக்கு மருத்துவமனைத் தேதி இருந்த ஒரு நாள் லிப்ட் இல்லை. கீழ்வீட்டு அபாங்கும் (மலாயில் அண்ணன்) நானும் அவரை நாற்காலியோடு தூக்கி நான்கு மாடி இறக்கினோம். படிக்கட்டு வளைவில் நாற்காலியைச் சாய்த்துத் திருப்பும்போது முழுக் கனமும் என் பக்கம் வரும், ஏனென்றால் நான் கீழ்ப்படியில் நின்றேன். இறக்கிவிட்டதும் அபாங் என்னைப் பார்த்து "குவாட் லா காக்கா" (பலசாலிதான் அக்கா) என்றார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதே பிளாக்கில் ஆறாவது மாடியில் ஒரு பாட்டி, லிப்ட் சரியாகிறவரை வெளியே இறங்கவே இல்லை. அவர் வீட்டில் தூக்க ஆள் இல்லை. பெரியவர்கள் இருக்கிற கட்டடத்தில் லிப்டை இப்படிப் போட்டு வைத்திருப்பது அநியாயம். யார் கட்டவில்லை என்று பட்டியல் ஒட்டுவதால் அந்தப் பாட்டி கீழே வந்துவிடப் போவதில்லை.

சாப்பாடு. சோறும் குழம்பும் மட்டும் சாப்பிட்டால் தசைக்குப் போதாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 19 கிராம். செவ்வாய், வெள்ளி சைவம் என்றாலும், புரட்டாசி முழுக்கச் சைவம் என்றாலும், தெம்பேயும் தௌஹுவும் (டோஃபு) பருப்பும் தயிரும் இருக்கின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம்வரை புரதம் பயன்படும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். புரதப் பொடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நான் வாங்கியதில்லை.

எதை வாங்குவது என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் ஒன்றிரண்டு மாதம் எதையும் வாங்காதீர்கள், பையும் அரிசியும் போதும். வாங்கும்போது தட்டு மாற்றக்கூடிய டம்பெல் ஜோடியாக வாங்குங்கள், மொத்தம் 20 கிலோ. பழையதே போதும், படிப்பு முடிந்து வீடு காலி செய்கிற மாணவர்களும் வீடு மாறுகிறவர்களும் விற்பார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் நிரப்பிய தட்டு மலிவு, ஆனால் தடிமனாக இருக்கும், எடை கூட்டும்போது கம்பியில் இடம் இருக்காது. இரும்புத் தட்டு மேல். கம்பியின் முனையில் இருக்கிற நட்டை உங்கள் கையாலேயே கடைசிவரை சுற்றிப் பாருங்கள். மரை தேய்ந்து வழுக்கினால் வேண்டாம், தலைக்கு மேல் தூக்கும்போது தட்டு கழன்றுவிடும். 1.25 கிலோ தட்டு நான்காவது இருக்க வேண்டும், அரை கிலோ தட்டு கிடைத்தால் விடாதீர்கள், தலைக்கு மேல் தூக்குவதில் அந்தச் சின்னக் கூட்டல்தான் கைகொடுக்கும். கூடவே ஒரு தடித்த ரப்பர் விரிப்பு. தரை ஓட்டுக்கும் நல்லது, கீழ்வீட்டுக்காரர்களுக்கும் நல்லது. இரவு பத்துக்கு மேல் எடையைத் தரையில் வைக்காதீர்கள்.