கறுப்பா, வெள்ளையா? இடுப்பைக் கேட்டு வாங்குங்கள்

மேலூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. கடையில் இரண்டு .32 ரிவால்வர் காட்டினார்கள். ஒன்று கருநீலம். இன்னொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், விலையும் கூடுதல். துருப் பிடிக்காது என்கிறார்கள். அதற்காகக் கூடக் கொடுக்கலாமா?”

கொடுக்கலாம். துருவே பிடிக்காது என்று நம்பி மட்டும் கொடுக்காதீர்கள்.

கருநீலம் என்பது பெயின்ட் இல்லை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி சூட்டுக்குக் கொதிக்கவிட்டு, அதில் இரும்பை முக்கி, அதன் மேல்தோலையே ஒருவகைக் கறுப்புத் துருவாக மாற்றுகிறார்கள். சிவப்புத் துரு அரித்துக்கொண்டே போகும். இது அப்படியே ஒட்டி நின்று எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காப்பாற்றுவது அந்த எண்ணெய்தான். திருப்பாச்சேத்தி அரிவாளைத் துடைத்து எண்ணெய் தடவி எரவாணத்தில் சொருகுகிறோமே, அதே கதை.

ஸ்டெயின்லெஸ்ஸில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் மேல் படலம் தானே மூடிக்கொள்ளும். 1965-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் ‘மாடல் 60’ வந்தபோது, உடம்போடு ஒட்டிவைத்துத் திரிகிறவர்களுக்கு அதுதான் தோதுப்பட்டது.

நீங்களும் அந்த ரகம்தானே? சித்திரை வெயிலில் தோப்பைச் சுற்றி வந்தால் இடுப்பில் இருப்பது வேர்வை உப்பில் ஊறிவிடும். உங்களுக்கு வெள்ளைதான், அதாவது ஸ்டெயின்லெஸ். பீரோவைவிட்டு வெளியே வராது என்றால் கருநீலமே போதும். பார்க்க அழகு அதுதான், எனக்கும் பிடித்தது அதுதான்.

இரண்டு கருவிக்கும் எமன் தோல் உறை. இடுப்பில் மாட்டத்தான் அது, உள்ளே போட்டு மூடிவைக்க இல்லை. தோல் பதனிட்ட உப்பு ஈரத்தை இழுக்கும். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்த ஒருவர் கருநீல ரிவால்வரை உறையோடு கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வாங்கி உருவிப் பார்த்தால், உறையின் தையல் போன வழியிலேயே குழலில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு, கோலப் பொடி சிந்தினாற்போல.

ஸ்டெயின்லெஸ்தானா என்று சோதிக்கக் கடைக்குக் காந்தம் எடுத்துப் போகாதீர்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் பெரும்பாலும் ஒட்டாது. துப்பாக்கிக்குப் போடும், சூடேற்றிக் கடினமாக்கும் ஸ்டெயின்லெஸ்ஸில் நன்றாகவே ஒட்டும். பழைய உருப்படி என்றால் ஸ்டெயின்லெஸ் இல்லாமல் வெறும் நிக்கல் முலாமா என்று பாருங்கள். லேசான மஞ்சள் சாயல் இருக்கும், குழல் வாய் ஓரத்தில் பொருக்கு விட்டிருக்கும்.

உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பெரும்பாலும் சாதா எஃகு. வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே துருவேறும். ஆகவே வெள்ளை வாங்கினாலும் எண்ணெய் வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கேறி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதற்கு முன் தோட்டாக்களை எடுத்து எண்ணித் தனியே வையுங்கள். தோட்டாவின் அடியில் எண்ணெய் இறங்கினால் வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகலாம்.

கருநீலம் தேய்ந்தால் லேத் பட்டறைக்குத் தூக்கிப் போகாதீர்கள். ஆயுதச் சட்டப்படி பழுது பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது உறையை வீட்டில் வைத்துவிட்டு, எண்ணெய் தடவிய பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் ஆயுத நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள்.