வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும் சாம்பல் நிறத் தட்டைப் பூச்சி என்ன? கரையானா?

கரையான் இல்லை. மருந்தடிப்பவரை ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டீர்கள் என்றால் முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கரையான் ஏறிடுச்சு சார், தரையோரமா வரிசையா ஓட்டை போட்டு மருந்து இறக்கணும்" என்றார். நான் ஒன்றை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்தேன். பூசணி விதை மாதிரி தட்டையான பை, சுமார் ஒரு சென்டிமீட்டர். கொஞ்ச நேரத்தில் ஒரு முனையின் பிளவிலிருந்து பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் வெளியே வந்தன. விரலை நீட்டியதும் உள்ளே இழுத்துக்கொண்டது. பைக்குள்ளேயே திரும்பி மறுமுனை வழியாக எட்டிப் பார்த்தது. "எந்தக் கரையான் சார் இப்படிப் பண்ணும்?" என்றேன். ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

இது ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிக்குச் சொந்தம். டினெயிடே குடும்பம், ஃபெரியோய்க்கா பேரினம். தான் நூற்கும் பட்டிழையில் மணல், சுண்ணாம்புத் தூள், தூசி என்று கிடைத்ததை ஒட்டிப் பை கட்டுகிறது. சுவரோடு சுவராகத் தெரிவது அதனால்தான். வளர வளரப் பையும் பெரிதாகும், கூட்டுப்புழுப் பருவமும் அதற்குள்ளேயே. வெளிவரும் பூச்சி சாம்பல் நிறம், முன்னிறகில் கரும்புள்ளிகள். இறகை விரித்தாலே ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள்.

நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. இனப்பெயர் எங்கே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: யூடெரெல்லா, அலுடெல்லா போன்ற நெருங்கிய இனங்களைப் பையை வைத்துப் பிரிக்க முடியாது, பூச்சியை அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய சிலந்திவலை என்றால் இதற்கு உயிர். பனாமாவில் இதை வளர்த்து ஆராய்ந்த அனெட் ஐயெல்லோ 1979-இல் எழுதியதும் இதைத்தான். உதிர்ந்த முடி, செத்த பூச்சி, கம்பளியும் தின்னும், பருத்தியைச் சீண்டாது. ஒட்டடை அடித்து, மூலையெல்லாம் பெருக்கினால் போதும், மருந்து வேண்டாம்.

ஆனால் ஈரம் இருக்கும்வரை திரும்ப வரும். நீங்களும் குளியலறைப் பக்கச் சுவரில்தான் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு ஈரம் மேல்மாடிக் குளியலறைக் கசிவிலிருந்து. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னால், "முதல்ல உங்க வீட்டைச் சுத்தமா வெச்சுக்கோங்க" என்று செயலாளர் எனக்கே பாடம் எடுக்கிறார். பராமரிப்புப் பணம் ஒரு நாள் தாமதமானால் மட்டும் வாட்ஸ்அப் குழுவில் வீட்டு எண்ணோடு பெயர் வந்துவிடும்.