படம் ஏன் ஓடுகிறது?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் வேர்டில் படத்தை வலது ஓரம் இழுத்தால் நகர மறுக்கிறது. படத்தைச் சுற்றி எழுத்து ஓடும் 'ஸ்கொயர்' அமைப்பைக் கொடுத்தால் நகர்கிறது. ஆனால் மேலே நாலு வரி சேர்த்ததும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: புதிதாகச் செருகும் படத்தை வேர்ட் ஓர் எழுத்தைப் போலவே நடத்தும். அதுதான் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்'. 'ஸ்கொயர்' கொடுத்ததும் படம் ஒரு பத்தியோடு கட்டப்படுகிறது. படத்தைச் சொடுக்கினால் அந்தப் பத்தியின் ஓரத்தில் சின்ன நங்கூரக் குறி தெரியும். பத்தி போகும் இடமெல்லாம் படமும் போகும். பத்தியை முழுதாக அழித்தால் படமும் காலி!

படத்தின் அருகே தோன்றும் லேஅவுட் பொத்தானில் 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' கொடுங்கள். இது பாதி மருந்துதான். நங்கூரப் பத்தி அடுத்த பக்கம் தாவினால் படமும் தாவும். ஆகவே நங்கூரத்தை இழுத்து, இடம் மாறாத ஒரு பத்தியில், உதாரணமாகப் புதுப் பக்கத்தில் தொடங்கும் தலைப்பில், விடுங்கள். பிறகு நங்கூரத்தை அங்கேயே பூட்ட, 'சீ மோர்', 'பொசிஷன்' போய் 'லாக் ஆங்கர்' டிக் செய்யுங்கள்.

கேள்வி: படத்தில் கீற்று மட்டுமே தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி', அதாவது மாறாத உயரம், என்று இருக்கும். அதில் குறித்த உயரத்துக்கு (உதாரணமாக 12 பாயின்ட்) மேல் படம் வெட்டுப்படுகிறது. அந்த வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்துங்கள்; வரி இடைவெளி 'சிங்கிள்' ஆகி முழுப் படமும் தெரியும்.