வெள்ளரிப் பிஞ்சு உதிர்கிறது, பழம் வெடிக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டு வளவில் ஊர் வெள்ளரி (பழுக்கவிட்டுச் சாப்பிடும் வெள்ளரிப்பழம்) போட்டிருக்கிறோம். செம்மண், கிணற்றுத் தண்ணீர். கொடி நன்றாக ஓடுகிறது. ஆனால் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தப்பிய இரண்டொன்றும் வெடித்து, உள்ளே புழு.

பதில்: உதிர்ந்த பிஞ்சொன்றை நீளவாட்டில் பிளந்து பாருங்கள். உள்ளே புழுவோ, தோலில் ஊசி குத்தியதுபோல் துளையும் பிசினுமோ இருந்தால் பழ ஈயின் வேலை. எதுவுமில்லாமல் பிஞ்சு வெறுமனே சுருங்கியிருந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை.

முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வது வழமை. காய்க்கும் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். அது விரிவது ஒரு காலைப் பொழுதுக்குத்தான். தேனீ வராத வளவென்றால், 9 மணிக்கு முன்பாக அன்று விரிந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழை நீக்கி, மகரந்தத்தைக் காய்க்கும் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். யூரியா கூடினாலும் இலைதான் செழிக்கும், காய் பிடிக்காது. கொடி ஏற்கெனவே கரும்பச்சையாக இருந்தால் இனி யூரியா வேண்டாம்.

பழ ஈக்கு மருந்தடிப்பதை வீட்டுத் தோட்டத்தில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது; மேலே அடிக்கும் மருந்து புழுவைத் தொடாது, தேனீயைத்தான் கொல்லும். பிஞ்சு தேசிக்காயளவு வந்ததும் கடதாசிப் பை போட்டுக் காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். பிந்தினால் பை புழுவுக்குத்தான் பாதுகாப்பு. ஈ பிடிக்கும் கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். அதை மட்டும் நம்ப முடியாது. விழுந்த காய்களை எருக்குவியலில் போடாதீர்கள்: புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஈயாக வரும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள்.

வெடிப்பதை முற்றாக நிறுத்த முடியாது. நன்கு பழுத்தால் வெடிப்பது இந்த இனத்தின் குணம். நிறம் மாறி மணம் வரத் தொடங்கும்போதே பறித்து, பனையோலையாலோ வாழைச் சருகாலோ சுற்றிக் கட்டினால் உருக்குலையாது. பழுக்குமுன்பே வெடித்தால் பிழை தண்ணீரில். செம்மண்ணில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும். நாலு நாள் காயவிட்டு ஒரேயடியாக இறைத்தால், உள்ளே சதை பருக்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காது. கொஞ்சமாக, அடிக்கடி, அடியில் மட்டும் விடுங்கள். சருகு மூடாக்கு உதவும். பழுக்கும் வாரத்தில் அளவைக் குறைத்தால் இனிப்பும் கூடும்.

அடுத்த முறை மாரிமழை ஓய்ந்து, தை மாதத்தில் விதையுங்கள். ஈரத்தில் போட்டால் இலையில் பூஞ்சணம் பிடிக்கும். 45 சென்ரிமீற்றர் அகல, ஆழக் குழி, இடைவெளி ஒன்றரை மீற்றர். மக்கிய மாட்டெரு ஒரு கடகம் மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் நாலைந்து விதை ஊன்றி, முளைத்தபின் திடமான இரண்டை விடுங்கள். ஐந்தாம் இலையோடு நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடி வரும். காய்க்கும் பூ அதில்தான் அதிகம். சிவப்பு வண்டுக்குக் காலைப் பனியோடு சாம்பல் தூவலாம்.

விதைக்கு வைக்கும் கொடிக்கு அருகில் முலாம்பழம் போடாதீர்கள், இரண்டும் ஒரே இனமாதலால் கலந்துவிடும். வத்தகையோ பூசணியோ நின்றால் பரவாயில்லை.