240 யாருடைய கையில்?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். வயல் மண்ணின் ஈரம் அளக்கும் சென்சருக்கு லினக்ஸில் ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதினேன். என் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. ஆய்வுகூடக் கணினியில் அதை ஏற்ற இன்ஸ்மொட் கட்டளை கொடுத்தால் ‘டிவைஸ் ஓர் ரிசோர்ஸ் பிசி’ என்கிறது, அதாவது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதாம். சென்சரைக் கழற்றினாலும் அதே பிழைதான். டிரைவரை அடையாளம் காட்டும் மேஜர் இலக்கத்தை 240 என்று கோடிலேயே எழுதியிருக்கிறேன்.

பதில்: சென்சரைக் கழற்றிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை வந்துவிட்டது. ‘பிசி’ என்று கேர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, சொல்வது சென்சரை அல்ல, இலக்கத்தை. நீங்கள் கேட்ட 240 பெரும்பாலும் ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

240 முதல் 254 வரை சொந்தப் பரிசோதனைக்கு என்று பழைய கேர்னல் ஆவணத்திலேயே இருந்தது. அதை நம்பித்தான் பழைய பாடங்கள் எல்லாம் 240 போடும். ஆனால் ‘ஏதாவது ஒன்று தா’ என்று கேட்டு வரும் டிரைவர்களுக்கும் கேர்னல் 254இல் தொடங்கி 234 வரை கீழிறங்கி இதே இடத்திலிருந்துதான் கொடுக்கிறது. வேலி அடைக்காத காணி, யார் மாடும் மேயும். அப்படிக் கேட்கும் டிரைவர்கள் ஆய்வுகூடக் கணினியில் கூடுதலாக இருந்தால் வரிசை 240ஐத் தொட்டுவிடும்.

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். புறொக் அடைவில் டிவைசஸ் என்ற கோப்பைத் திறவுங்கள். அதில் ‘கரக்டர் டிவைசஸ்’ பகுதியைப் பாருங்கள். இடப்பக்கம் இலக்கம், வலப்பக்கம் பெயர். 240க்கு நேரே வேறு பெயர் நின்றால் நான் சொன்னதுதான். உங்கள் டிரைவரின் பெயரே நின்றால் கதை வேறு. ஏறியிருக்கும் மொடியூல்களை (கேர்னலில் ஏற்றும் நிரல்களை) பட்டியலிடும் எல்எஸ்மொட் கொடுத்துப் பாருங்கள். அங்கே உங்கள் மொடியூல் இல்லை, இங்கே பெயர் மட்டும் இருக்கிறது என்றால், முந்தைய தடவை இலக்கத்தைப் பதிந்தபின் அடுத்த படியில் தோற்று, பதிவை அழிக்காமல் வெளியேறியிருக்கிறது. இதில் நானும் ஒரு இரவு முழுவதையும் தொலைத்திருக்கிறேன். கணினியை மீளத் தொடக்கினால்தான் அது போகும். அப்புறம் கோடில், ஒவ்வொரு படி தோற்கும்போதும் அதுவரை பதிந்ததையெல்லாம் பின்னிருந்து முன்னாக அவிழ்க்க வேண்டும்.

சரி, 240ஐ என்ன செய்வது? 241 என்று மாற்றாதீர்கள், அது நாளைய சண்டை. இலக்கத்தைப் பதியும் ரெஜிஸ்டர் சிஆர்டெவ் அழைப்புக்கு 240க்குப் பதிலாக 0 கொடுங்கள், காலியான ஒன்றைக் கேர்னலே தரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 240 கொடுத்தபோது வெற்றி என்றால் 0 திரும்பி வந்தது. இப்போது வெற்றியிலும் கிடைத்த இலக்கமே வரும். ‘0 இல்லாவிட்டால் பிழை’ என்று எழுதியிருந்தால் அதை ‘0க்குக் குறைந்தால் பிழை’ என்று திருத்துங்கள்.

இலக்கம் அல்ல, டிரைவரின் பெயர் மோதினாலும் இதே ‘பிசி’ பிழை வரலாம். அப்போது கேர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி வரும். ஒரே பஸ்ஸில் (சாதனங்கள் இணையும் தடத்தில்) ஒரே பெயரில் இரண்டு டிரைவர்கள் பதிய முடியாது. உங்கள் டிரைவரின் பெயருக்கு முன்னால் ஒரு தனி அடையாளம் சேர்த்தால் போதும்.

மெக்நொட் கட்டளை கொடுத்து 240க்கு டெவ் அடைவில் சாதனக் கோப்பு உண்டாக்கும் ஸ்கிரிப்ட் எங்காவது கிடந்தால் அதையும் அழித்துவிடுங்கள். கிளாஸ் கிரியேட், டிவைஸ் கிரியேட் இரண்டையும் கோடில் அழைத்தால் கோப்பு தானாகச் சரியான இலக்கத்தில் உருவாகும்.