உங்கள் வலைப்பூ எந்த வகை?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் விவசாயம். ஆழியாற்றுத் தண்ணீர், நடவு, கோயில் திருவிழா, பையன் படிப்பு எல்லாம் ஒரே வலைப்பூவில் எழுதுகிறேன். இது எந்த வகை?

பதில்: பேசும் பொருளை மட்டும் பார்த்தால் எந்த வகையிலும் அடங்காது. எழுதும் விதத்தைப் பாருங்கள். வலைப்பதிவுகளின் தொடக்க காலத்திலேயே ரெபெக்கா பிளட் என்ற பதிவர் மூன்று வகை சொன்னார்: பிறர் பக்கங்களுக்குச் சுட்டி கொடுத்துக் கருத்துச் சொல்பவை, சொந்த நாட்குறிப்பு, ஒரு விஷயத்தை விரித்து எழுதும் குறிப்பேடு. 2004-இல் ஆய்வாளர் சூசன் ஹெரிங்கின் குழு 203 வலைப்பதிவுகளை ஆராய்ந்தபோது பத்தில் ஏழு நாட்குறிப்பாகவே இருந்தன. உங்களுடையதும் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் தமிழ்நாடும் கேரளமும் செய்த 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையில் உள்ள மணக்கடவில் கேரளத்துக்கு வரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதினால் அது குறிப்பேடு. சித்தூர் தாலுகா விவசாயி ஒருவர் அதைத் தேடி வரும்போது, பையனின் மார்க் ஷீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று இருக்கக் கூடாது. அதனால் வலைப்பூ முழுவதற்கும் ஒரே வகை தேடாமல், ஒவ்வொரு பதிவையும் வகைப்படுத்துங்கள். தண்ணீர், வயல், ஊர், வீடு என நாலு லேபிள் (பதிவின் வகையைக் காட்டும் குறிச்சொல்) போதும். எழுத்துக்கூட்டல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ‘ஆழியாறு’, மறுநாள் ‘ஆளியாறு’ என்று போட்டால் இரண்டு லேபிள் ஆகிவிடும், பாதிப் பதிவுகள் கண்ணில் படாது.

கேள்வி: மறையூரில் வெல்லம் காய்ச்சுவதைப் படமும் வீடியோவுமாகப் போடுகிறேன், எழுத்து குறைவு. இதுவும் வலைப்பூவா?

பதில்: சந்தேகமே வேண்டாம். ஊடகத்தை வைத்துப் பிரித்தால் படப்பதிவு, காணொளிப் பதிவு, ஒலிப்பதிவு எல்லாம் வலைப்பதிவின் வகைகளே. ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலு வரி எழுதுங்கள். பாகு எந்தப் பதத்தில் இறங்குகிறது, சூடு ஆறுவதற்குள் கையால் எப்படி உருட்டுகிறார்கள் என்று எழுதினால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. செய்முறை எழுத்திலும் இருக்கட்டும்.

கேள்வி: நகரியில் இருக்கிறேன். தமிழிலும் தெலுங்கிலும் எழுதுகிறேன். பிரிக்கலாமா?

பதில்: பிரித்துவிடுங்கள். பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டிய திரட்டிகள் காலத்திலேயே தமிழுக்குத் தமிழ்மணம், தெலுங்குக்குக் கூடலி என்று தனித்தனியாகத்தான் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சுட்டி கொடுத்தால் போதும்.

கேள்வி: குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பணம் தந்து என் பக்கத்தில் எழுதச் சொல்கிறார். அப்புறமும் அது சொந்தப் பதிவுதானா?

பதில்: அந்தப் பதிவு விளம்பரம். யார் செலவில் எழுதப்படுகிறது என்பதும் ஒரு முக்கியமான வகைப்பாடு, பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல்படி, பணம் பெற்று எழுதுவதை வாசகர் உடனே கவனிக்கும்படி குறிப்பிட வேண்டும். ‘விளம்பரம்’ என்று முதல் வரியிலேயே போடுங்கள். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் எழுத வேண்டாம்.